உயர்நிலைப் பள்ளி மாணாக்கரின் ஆங்கிலப் பயிற்சி: ஊராட்சி ஆற்றக்கூடிய பணி

வட்டார வளர்ச்சிப் பணியின் பொருட்டு ஊராட்சிகளுக்குச் செல்லும் அலுவலர்களிடம் பெற்றோர் பல குறைகளைச் சொல்வதுண்டு. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அவர்கள் பெரும்பாலும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "எங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிக்கிறான், தேர்விலும் தேறுகிறான். ஆனால், ஆங்கிலத்தில் ஒருவர் பேசினால் அவனுக்கு விளங்கவில்லை. பாடநூல் அல்லாத வேறொரு தாளைக் கொடுத்தால் படிக்க இயலவில்லை. இதற்கு என்ன வழி?" என்பதே அவ்வினா. இதற்கு விடை காண்பது பள்ளிக்கூடத்தின் கடமை மட்டுமன்று, ஊராரின் கடமையுமாகும். ஊராட்சி உறுப்பினர்களும் வேளாண் பெருமக்களும் தத்தம் ஊரில் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவை யாது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டில் அளிக்கப்பெற்றது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்கல்விகளுக்கும் அது 2021ஆம் ஆண்டில் விரிவாக்கப்பெற்றது. இதனால் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வாயில் திறந்தது. ஆயினும் உள்ளே நுழைந்தபின், பெரும்பாலான பிரிவுகளில் ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதும், நூல்கள் எழுதப்பெற்றிருப்பதும் ஆங்கிலத்திலேயாம். தமிழ்வழியில் நன்கு பயின்று, கணக்கிலும் அறிவியலிலும் சிறந்து விளங்கிய மாணவன், முதல் ஆறு மாதங்களில் விரிவுரையைச் செவியால் பின்தொடர இயலாமல் தவிக்கிறான். அவனுக்கு அறிவில் குறைவு ஒன்றும் இல்லை. காதுக்கும் கண்ணுக்கும் போதிய பழக்கம் இல்லை என்பதே குறை.

நாட்டுப்புற இளைஞரின் கல்வி நிலையை ஆராய்ந்து 'அசர்' என்னும் ஆண்டறிக்கை வெளியிடப்பெற்று வருகிறது. அதன் 2023ஆம் ஆண்டு ஆய்வு, 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களைப் பற்றியது. இந்திய நாட்டின் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் நடந்த அவ்வாய்வில், ஆங்கில வாக்கியங்களைப் படிக்கக்கூடியவர்கள் 57.3 விழுக்காட்டினர் எனக் கண்டறியப்பட்டது. அவ்வாறு படித்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரே பொருளையும் சொன்னார்கள். அஃதாவது, நூறு பேரை நிறுத்திப் பார்த்தால், சிறு வாக்கியத்தைப் படித்துப் பொருளும் கூறக்கூடியவர்கள் 42 பேர் அளவிலேயே இருந்தனர். எஞ்சியோருள் சிலர் எழுத்தைக் கூட்டி ஒலித்தார்கள், பொருளை எட்டவில்லை. ஒலிப்பது வேறு, படிப்பது வேறு என்பதை இக்கணக்கு நமக்கு நன்கு உணர்த்துகிறது.

குறை எங்கே உள்ளது?

நாற்பது மாணவர் உள்ள ஒரு வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒவ்வொருவரும் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிடைப்பது ஒரே நிமிடம். ஆசிரியர் எத்துணைத் திறமை உடையவராயினும் இக்கணக்கை மாற்ற இயலாது. மேலும், பொதுத் தேர்வு எழுத்துத் தேர்வாகவே நடைபெறுவதால், வினாவுக்குரிய விடையை மனனம் செய்வதிலேயே பெரும்பொழுது கழிகிறது. காதால் கேட்டுப் பொருள் கொள்ளும் பயிற்சிகள் பாடநூலில் இடம்பெற்றிருந்தும், அவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

தாய்மொழியை நாம் கற்ற முறையை எண்ணிப் பார்த்தால் இதன் தீமை விளங்கும். குழந்தை பேசத் தொடங்குமுன் ஓராண்டுக் காலம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேள்வியின் மேன்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். அயல்மொழியைக் கற்பிக்கும்பொழுது மட்டும் நாம் கேள்வியை விட்டுவிட்டு எழுத்திலிருந்து தொடங்குகிறோம்.

இதனால் விளையும் இடர்ப்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், குப்பைத் தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே அமையும். முதற்சொல்லின் பகரம் 'படம்' என்பதில் வரும் பகரம் போல வல்லோசை உடையது. இரண்டாவது சொல்லின் பகரமோ 'கம்பம்' என்பதில் மகரத்தை அடுத்து வரும் பகரம் போல மெலிந்து ஒலிப்பது. தமிழில் இடம் நோக்கி இவ்வொலி தானே மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். ஆகையால், ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனனம் செய்வதால் மட்டும் பயன் இல்லை. காதாலேயே கேட்டுப் பழகவேண்டும்.

மற்றோர் இடர்ப்பாடு சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பது. 'நாட்', 'அட்', 'ஆல்' என்னும் மூன்று சொற்களை ஆங்கிலேயர் விரைந்து பேசும்பொழுது 'நாட்டடால்' என ஒரே சொல்போலக் கேட்கும். இது கண்டு மாணவன் திகைக்க வேண்டியதில்லை. 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் சேர்ந்து 'மரவேர்' ஆவதை அவன் இலக்கணத்தில் படித்திருக்கிறான். நம் மொழியிலுள்ள புணர்ச்சியைப் போன்றதொன்று ஆங்கிலப் பேச்சிலும் உண்டு என்று சொன்னால் அவனுக்கு எளிதில் விளங்கும். நம் மொழியில் அதை எழுத்திலேயே காட்டுகிறோம்; ஆங்கிலத்தில் எழுத்து அப்படியே நிற்க, நாவில் மட்டும் சேர்க்கை நிகழ்கிறது. ஆதலின் கண்ணால் கண்ட சொல்லையே காதால் அடையாளம் காண முடியாமல் போகிறது. செவிப்பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் இணைந்தே நடைபெறவேண்டும் என்பதற்கு இதுவே காரணமாகும்.

பிறர் கண்ட பயன்

இத்தகைய பயிற்சி நகரங்களுக்கே உரியது என்று எண்ணவேண்டா. பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவுகளில் 1980ஆம் ஆண்டில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் இரு கல்வியாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். எட்டுக் கிராமப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்களுடன் கூடிய 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அளிக்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் கதையைப் பிள்ளைகளுடன் சேர்ந்து படித்தார். சிலவற்றில் பிள்ளைகள் தாமே அமைதியாகப் படித்தனர். எட்டு மாதங்கள் கழித்துச் சோதித்தபொழுது, படித்து உணர்வதிலும் கேட்டு உணர்வதிலும் அப்பிள்ளைகள் வழக்கமான வேகத்தைப்போல் இரு மடங்கு முன்னேறியிருந்தனர். இரண்டாம் ஆண்டில் அம்முன்னேற்றம் மொழியின் பிற திறன்களுக்கும் பரவியது. புத்தகம் மட்டுமே படித்தவர்களுக்கும் செவித்திறன் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே புதிய கட்டடம் எழுப்பப்படவில்லை. சுவையான எளிய புத்தகங்களும், அவற்றைப் படிப்பதற்கென்று ஒதுக்கிய பொழுதுமே அப்பயனைத் தந்தன.

அமெரிக்க வானொலி ஒன்று, ஆங்கிலம் கற்பவர்களுக்கென 1959ஆம் ஆண்டில் தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்களையே அது பெரும்பாலும் கையாண்டது. சிறு வாக்கியங்களாக அமைத்து, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரு பங்கு வேகத்தில் செய்திகளை வாசித்தது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவிலும், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், இந்திய மாணவனுக்கு முதலில் வாய்க்கவேண்டியது வாசிப்புத் திறனே என்று 1926ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். மிகுதியாக வழங்கும் சொற்கள் ஏறத்தாழ 2,000-ஐத் தொகுத்து அவர் வெளியிட்ட பட்டியல் 1953ஆம் ஆண்டில் வந்தது. இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், குறைந்த சொற்கள், நிதானமான வேகம், சுவையான பொருள், நாள்தோறும் பழக்கம் என்னும் நான்கும் இருந்தால் போதும் என்பதேயாகும்.

செவிப்பயிற்சி நடத்தும் முறை

இப்பயிற்சிக்கு ஒரு கைபேசியும், அறையில் உள்ளோர் யாவருக்கும் கேட்கும்படியான சிறு ஒலிபெருக்கியும் போதும். மேற்குறித்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டு இளைஞர்களின் வீட்டில் திறன்பேசி இருந்ததும், அவர்கள் அதை இயக்க அறிந்திருந்ததும் தெரியவந்தது. ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை, முறைதான் வேண்டும்.

மழை எச்சரிக்கை பற்றிய இரண்டு நிமிட ஆங்கிலச் செய்தியைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவதாக, கேட்பதற்கு முன் பொருளைச் சொல்லிவிடவேண்டும். 'ஹெவி' என்றால் கனத்த, 'எக்ஸ்பெக்டட்' என்றால் எதிர்பார்க்கப்படுகிறது, 'வார்னிங்' என்றால் எச்சரிக்கை என மூன்று சொற்களை மட்டும் தமிழில் விளக்கினால் போதும்.

இரண்டாவதாக, தாளைப் பாராமல் முழுவதையும் ஒருமுறை கேட்கச் செய்யவேண்டும். இடையில் நிறுத்தலாகாது. எந்தெந்த மாவட்டங்கள்? எத்தனை நாள்? யாருக்கு எச்சரிக்கை? என்னும் மூன்று வினாக்களை முன்னரே கரும்பலகையில் எழுதிவைக்கவேண்டும். விடையைத் தமிழில் சொன்னாலும் ஏற்கலாம். விளங்கியதா என்பதே இங்கு நோக்கம்.

மூன்றாவதாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மீண்டும் கேட்கச் செய்து, விடுபட்டவற்றை நிரப்பவேண்டும்.

நான்காவதாக, செய்தியின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்கச் சொல்லவேண்டும். காதில் ஒன்றாகக் கேட்டது தாளில் மூன்று சொல்லாக நிற்பதைக் கண்டு மாணவன் வியப்பான். கற்றல் நிகழ்வது அந்த இடத்திலேதான்.

ஐந்தாவதாக, ஒலியுடன் சேர்ந்து தாமும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும்.

இவ்வளவுக்கும் இருபத்தைந்து நிமிடங்கள் போதும். ஒரே செய்தியை அடுத்த நாளும் ஒருமுறை கேட்பிப்பது நல்லது. புதிது புதிதாகப் பத்துச் செய்திகளைக் கேட்பதைவிட, ஒன்றை நான்கு முறை கேட்பது மிகுந்த பயன் தரும்.

வாசிப்புப் பயிற்சி நடத்தும் முறை

வாசிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் புத்தகம் மாணவனின் வகுப்புக்கு ஏற்றதாக அல்லாமல், அவனது திறனுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். உதவியின்றிப் படித்து மகிழவேண்டுமாயின், நூறு சொற்களில் தெரியாதவை இரண்டுக்கு மேற்படலாகாது என்று மொழியாய்வாளர்கள் கண்டுள்ளனர். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்கும்பொழுது தெரியாத சொல் வரும்தோறும் ஒரு விரலை மடக்கவேண்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அப்புத்தகத்தை வைத்துவிட்டு எளியதை எடுக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் மூன்றாம் வகுப்புக் கதையைப் படிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஏணியின் கீழ்ப்படியில் கால் வையாமல் மேற்படியை எட்டியவர் எவரும் இலர்.

தெரியாத சொல் வந்தவுடன் அகராதியைப் புரட்டும் பழக்கம் வேண்டா. முன்பின் வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகிக்கவேண்டும். பத்தி முடிந்தபின்னும் தடையாக இருப்பின் அகராதியைப் பார்க்கலாம். படித்து முடித்ததும் கதையை நான்கைந்து வாக்கியங்களில் தமிழில் சொல்லச் செய்யவேண்டும். பிறகு ஒரு வாக்கியமேனும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும்.

கதைப் புத்தகத்தோடு வாழ்க்கைக்கு வேண்டிய தாள்களையும் படிக்கப் பழக்கலாம். பூச்சிமருந்துக் குப்பியின் உறை, விதைப் பொட்டலத்தின் குறிப்பு, வங்கிப் படிவம், மின்மோட்டாரின் கையேடு ஆகியன தக்க பாடங்கள். பூச்சிமருந்து உறையில் உள்ள முக்கோணம் சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. அதற்கு அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறைந்துகொண்டே வரும். எந்தப் பயிருக்கு, எத்தனை நீரில் எவ்வளவு கலப்பது, தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருப்பது, நஞ்சு உள்ளே சென்றால் என்ன முதலுதவி என்பவற்றை மாணவி ஒருத்தி படித்துத் தன் தந்தைக்குத் தமிழில் சொல்வாளாயின், அன்றைய பாடம் வீட்டுக்கே பாதுகாப்பாகிறது.

ஊராட்சியின் பங்கு

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பெற்ற பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்கள் உள. தொடக்கக் கல்வி, உயர்நிலைக் கல்வி, நூலகம் ஆகியன அவற்றுள் அடங்கும். ஆகவே இது நமக்குப் புறம்பான பணியன்று.

நூலகத் துறையில் நம் மாநிலம் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. அதற்கும் முன்னரே, 1931ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றனர். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் அரங்கநாதனாரின் இயக்கத்தோடு தொடர்புடையது அம்முயற்சி. பின்னர் 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகங்கள் அமைக்கப்பெற்றன. அவற்றுள் பூட்டிக்கிடப்பவை எத்தனை என்பதை அவ்வவ்வூர் உறுப்பினர்களே அறிவார்கள். பூட்டிய நூலகத்தைத் திறப்பதே முதற்பணி.

ஊராட்சி மேற்கொள்ளவேண்டியவை வருமாறு:

1. நூலகக் கட்டடத்தையோ, பள்ளியின் ஓர் அறையையோ, சமுதாயக் கூடத்தையோ மாலை 6 மணி முதல் 7 மணி வரை வாரத்தில் ஐந்து நாள் இதற்கென ஒதுக்கவேண்டும். விளக்கு, மின்விசிறி, கழிப்பறை ஆகியவை ஒழுங்காக இருக்கவேண்டும்.

2. எளிய ஆங்கிலப் புத்தகங்கள் நூறு முதல் இருநூறு வரை சேர்க்கவேண்டும். 1957ஆம் ஆண்டில் தோன்றிய தேசியப் புத்தக அறக்கட்டளையும், அதே ஆண்டில் நிறுவப்பெற்ற குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் படக்கதைப் புத்தகங்களைக் குறைந்த விலையில் வெளியிட்டுள்ளன. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத் தொகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள கதைகளை விலையின்றிப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம்.

3. கல்லூரியில் பயிலும் உள்ளூர் மாணவர் ஒருவரையோ, ஓய்வுபெற்ற ஆசிரியரையோ பொறுப்பாளராக அமர்த்தவேண்டும். அவர் ஆங்கிலப் புலவராக இருக்கவேண்டுவதில்லை. ஒலிப்பதிவு பேசும், அவர் நேரத்தையும் முறையையும் காத்தால் போதும். சிறு மதிப்பூதியம் அளிப்பது பணி நிலைக்க உதவும்.

4. பெண் குழந்தைகள் இருட்டில் தனியே வீடு திரும்பும் நிலை ஏற்படலாகாது. தெருவாரியாகக் குழுவாக அழைத்துச் செல்ல ஏற்பாடு வேண்டும். அது இயலாத ஊர்களில் பள்ளி விட்டவுடனேயே பயிற்சியை நடத்தலாம். இதைக் கவனியாத ஊரில் மாணவியர் வருகை சில நாளிலேயே நின்றுபோகும்.

5. தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்தே பயிற்சியைத் தொடங்கவேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பெற்றன. அவற்றின் வழியாகக் கிடைக்கும் ஒலி, ஒளிப் பாடங்களை எந்த வாரத்தில் கேட்பிப்பது என்பதை ஆங்கில ஆசிரியரே வரையறுத்துத் தருவார்.

6. கிராம சபைக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகைக் கணக்கையும், படித்த புத்தகங்களின் கணக்கையும் படிக்கவேண்டும். ஊராட்சி நிதியில் எத்தலைப்பில் செலவிடலாம் என்பதை வட்டார அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து தீர்மானம் நிறைவேற்றுதல் நலம்.

இவற்றின் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் ஐந்து மணியாக ஆண்டில் நாற்பது வாரம் நடத்தினால் 200 மணி நேரம் ஆகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் மட்டும் 400 மணி நேரம். அதில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், நிமிடத்துக்கு 80 சொல் வீதம் படித்தாலும், ஓராண்டின் 200 நாளில் மாணவன் 2,40,000 சொற்களைப் படித்திருப்பான். பாடநூலின் சில பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தவனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டுவதில்லை.

பெற்றோர்க்கு எழும் ஐயங்கள்

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே; நாங்கள் எப்படி உதவுவது?" என்பது முதல் ஐயம். பெற்றோர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. "இன்று என்ன படித்தாய்? எங்களுக்குச் சொல்" என்று நாள்தோறும் கேட்டால் போதும். பொருள் விளங்கியிருந்தாலன்றிப் பிள்ளையால் தமிழில் சொல்ல இயலாது. ஆதலின் இதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.

"ஆங்கிலத்துக்குப் பொழுது ஒதுக்கினால் தமிழ் குன்றாதா?" என்பது இரண்டாவது ஐயம். தமிழில் சரளமாகப் படித்துப் பொருள் கொள்ளும் மாணவனே பிற மொழியையும் விரைவில் பற்றிக்கொள்கிறான். ஆகவே அதே அலமாரியில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கவேண்டும். தமிழில் தடுமாறும் பிள்ளை முதலில் தமிழ்க் கதையைப் படிக்கட்டும்.

"கைபேசியைக் கொடுத்தால் விளையாட்டில் இறங்கிவிடுவார்களே!" என்பது மூன்றாவது ஐயம். இது நியாயமான அச்சமே. அதனாலேயே தனித்தனிக் கைபேசி இன்றி, பொறுப்பாளர் கையில் ஒரே கருவியும் ஒலிபெருக்கியும் வைத்துப் பொதுவாகக் கேட்பிக்கும் முறை மேலே கூறப்பட்டது.

"கடன் வாங்கியேனும் தொலைவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புவது மேலன்றோ?" என்பது நான்காவது ஐயம். நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் பல உள. அங்கும் பிள்ளை காதால் கேட்டுப் பொருள் கொள்ளாமல், எழுதிக்கொடுத்ததை மனனம் செய்வானாயின் நிலை மாறப்போவதில்லை. மொழி வருவது பள்ளியின் பெயர்ப்பலகையால் அன்று. கேட்ட மணி நேரத்தாலும் படித்த பக்கத்தாலுமே வருவது. அவ்விரண்டையும் சொந்த ஊரிலேயே தர இயலும்.

ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஓர் இனமாகச் சேர்ப்பார்களாக. பத்து மாணாக்கர், ஐம்பது புத்தகம், ஓர் ஒலிபெருக்கி என்னும் அளவில் தொடங்கினாலும் குறைவில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணாக்கருக்கும் ஓர் எளிய பக்கத்தைக் கொடுத்துப் படித்துப் பொருள் சொல்லச் செய்து, முடிவைக் குறித்துவைக்கவும். ஆண்டின் இறுதியில் அதே அளவுள்ள வேறொரு பக்கத்தைக் கொடுத்து மீண்டும் சோதிக்கவும். விளைச்சலை எடைபோட்டு அறியும் உழவருக்கு இம்முறை புதியதன்று. பயன் கண்ட ஊர்கள் அண்டை ஊர்களுக்கும் அதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம்.